சுமைகூலி முக்கால் பணம்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழியை அறியாதார் நம்மில் யார்? பௌதிகம் பயிலும் நான் அதன் முழுப் பொருளையும் ஒரு மின்சாரப் பெட்டியிடம் கற்றுக்கொண்டேன். கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் நம் மன்றத்து நண்பர்கள் பலருக்கும் மின்கம்பி எட்டாத ஊர்களில் உறவினர் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர் சென்றால் மாதேஸ்வரன் மலையை அடையலாம். முன்பு மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. புலிமேல் வரும் மாதேஸ்வரனைக் காணக் கன்னட மக்களும், சேலம், ஈரோட்டுப் பக்கத்துத் தமிழ் மக்களும் ஒருங்கே மலையேறுகிறார்கள். அம்மலையின் அடியில், காட்டோரத்துக் குடியிருப்பு ஒன்றில் என் அத்தை வாழ்கிறார்.

எங்கள் குடும்பம் அங்கே வந்த கதை, அணையின் கதை. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் நீரில் எங்கள் முன்னோர் நிலம் மூழ்கியது. பாலாற்றைக் கடந்து மலைப்பக்கம் வந்தார்கள். 1937-இல் அதே அணையில் மின்சாரம் பிறந்தது. அதற்கும் முன்பே, 1902-இல், கொள்ளேகாலுக்கு அருகிலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. ஒரு பக்கம் சிவசமுத்திரம், மறுபக்கம் மேட்டூர். இடையிலே இருக்கும் அத்தை வீட்டில் மட்டும் சிமினி விளக்கு! 2013-இல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. அதனூடே கம்பி இழுப்பது எளிதன்று. எஞ்சியது ஒன்றே, கதிரவனை வீட்டுக்கு அழைப்பது.

கதிரவனை அழைக்க என்னென்ன வேண்டும்? 'பேனல்' என்று கடையில் சொல்லும் சூரியத் தகடு. மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரி. இவ்விரண்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு பெட்டி. முன்பு இப்பெட்டியின் வேலைகளைத் தனித்தனிக் கருவிகள் செய்தன. தகட்டின் மின்சாரத்தை அளவறிந்து பாட்டரிக்கு ஊட்டுவது ஒன்று. பாட்டரியின் நேர்மின்னோட்டத்தை நம் விளக்கும் விசிறியும் ஏற்கும் 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றும் இன்வர்ட்டர் மற்றொன்று. ஜெனரேட்டரோ ஊர் மின்சாரமோ கிடைத்தால் அதைக்கொண்டு பாட்டரியை நிரப்புவது வேறொன்று. இம்மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கியதுதான் இப்போது கடைகளில் 'ஆல் இன் ஒன்' என்று விற்கப்படும் பெட்டி. இணைப்பது எளிது, இடமும் மிச்சம்.

ஈராண்டுகளுக்கு முன் அத்தை என்னைக் கேட்டார்: "படிச்சவன் நீ ஒருத்தன் தான். எது வாங்கலாம்னு நீயே சொல்லு சாமி."

நான் ஒரு நிமிடங்கூடச் சிந்திக்கவில்லை. "பெரிசாவே வாங்கிடுங்க அத்தை. நாளைக்கு எதை மாட்டினாலும் தாங்கும்" என்றேன்.

அத்தை கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். 5,000 வாட் ஆற்றலுள்ள பெட்டி வந்தது. அதற்கு 48 வோல்ட் வேண்டுமென்பதால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரிகள் நான்கு வந்தன. மிஞ்சிய பணத்திற்கு 330 வாட் தகடுகள் இரண்டே கிடைத்தன. கோடை முழுவதும் வீடு ஒளிர்ந்தது. நானும் தலைநிமிர்ந்து நடந்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. இரண்டாம் நாள் இரவே வீடு இருண்டது. பத்தாம் வகுப்புப் பயிலும் அத்தை மகள் மீண்டும் சிமினி விளக்கைத் துடைத்து வைத்துக்கொண்டாள். தீபாவளி விடுமுறைக்குச் சென்றபோது, தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை அவள் என்னிடம் நீட்டினாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்த ஒவ்வொரு நாளும் நேரமும் அதிலே குறிக்கப்பட்டிருந்தன. பிறகு அவள் சொன்னாள்: "எல்லாத்தையும் நிறுத்தினாலும் இந்தப் பெட்டி மட்டும் சும்மா இருக்க மாட்டேங்குது. தொட்டுப் பாருங்க, சுடுது."

தொட்டேன். சுட்டது, கை மட்டுமன்று, மனமும். வெப்பம் எங்கிருந்து வருகிறது? மின்சாரத்திலிருந்துதானே! பெட்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்திலே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. எதுவும் ஓடாதபோதும் பெட்டி தனக்கென எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 60 வாட்.

வாங்கும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கை அன்றுதான் போட்டோம். 9 வாட் விளக்கு ஐந்து, 5 மணி நேரம்: 225 வாட்-மணி. 30 வாட் விசிறி 8 மணி நேரம்: 240. 40 வாட் தொலைக்காட்சி 3 மணி நேரம்: 120. கைப்பேசிகளுக்கு 30. 500 வாட் மிக்சி பத்து நிமிடம்: ஏறத்தாழ 85. ஆக 700 வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட் ஆதலின், வீட்டின் ஒருநாள் தேவை 0.7 யூனிட்.

பெட்டி உண்பதோ 60 வாட் வீதம் 24 மணி நேரம், அதாவது 1.44 யூனிட்! வீடு உண்பதைப்போல் இரு மடங்கைக் காவலாள் உண்கிறான். சுண்டைக்காயும் சுமைகூலியும் நினைவுக்கு வந்தன.

வரவைப் பாருங்கள். இரு தகடுகளும் சேர்ந்து 660 வாட். முழு வெயிலுக்குச் சமமாக 5 மணி நேரம் கிடைக்கும் தெளிந்த நாளில், கம்பியிலும் பாட்டரியிலும் வீணாகும் கால் பங்கு போக, சுமார் 2.5 யூனிட் கிடைக்கும். செலவு 2.14. ஆகையால் கோடையில் குற்றம் வெளிப்படவில்லை. 2 மணி நேரமே கிடைக்கும் மழைநாளில் வரவு ஒரே யூனிட், பற்றாக்குறை 1.14. நான்கு பாட்டரிகளிலும் இருப்பது 4.8 யூனிட் என்றாலும், ஈயப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே வடித்தால் அதன் ஆயுள் குறையும். எனவே கைக்கு எட்டுவது 2.4 யூனிட். அது இரண்டு நாளில் தீரும். நோட்டில் அவள் குறித்திருந்ததும் அதுவே!

பெரிய பெட்டியைக் கொள்ளேகாலில் ஒரு பட்டறைக்கு நட்டத்தில் விற்றோம். கிணற்று மோட்டாரும் அறுவை இயந்திரமும் ஓட்டுவோர்க்கு அது நல்ல கருவியே. அவர்களுடைய பெரும் செலவில் 60 வாட் ஒரு பொருட்டன்று. அத்தைக்கு 1,000 வாட், 24 வோல்ட் பெட்டி வாங்கினோம். அது தனக்கென எடுப்பது 15 வாட், நாளொன்றுக்கு 0.36 யூனிட். வீட்டுத் தேவையோடு சேர்த்தால் 1.06. அதே தகடுகள், அதே பாட்டரிகள், அதே மழை. பற்றாக்குறை மட்டும் 1.14-லிருந்து 0.06 ஆகிவிட்டது.

வாங்க நினைக்கும் நண்பர்கள் இன்னும் சிலவற்றைக் கருத வேண்டும்.

முதலாவது, ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றின் வாட்டைக் கூட்டுக. மோட்டார் உள்ள கருவிகள் கிளம்பும் கணத்தில் தம் அளவைப்போல் பல மடங்கு மின்சாரம் கேட்கும். குளிர்பெட்டி அவற்றில் முதன்மையானது. பெட்டி சில விநாடிகள் எவ்வளவு தாங்கும் என்பதையும் கையேட்டில் காண்க. பெட்டியின்மேல் எழுதியிருப்பது வாட்டா, வி.ஏ.யா என்றும் பார்க்க. 1,000 வி.ஏ. என்பது பல பெட்டிகளில் 800 வாட்டே.

இரண்டாவது, குளிரைக் கருதுக. வெயில் சுட்டால் தகட்டின் வோல்ட் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. ஒரு பாகை குளிருக்கு வோல்ட் நூற்றுக்குச் சுமார் 0.3 பங்கு ஏறும். 25 பாகையில் 46 வோல்ட் காட்டும் தகடு, 10 பாகைக் காலையில் 48 வோல்ட்டைக் காட்டும். தகடுகளை வரிசையாகக் கோத்தால் வோல்ட்டுகள் கூடும். பெட்டி தாங்கும் எல்லையை ஒரு மார்கழிக் காலை மீறினால் பெட்டி கருகும். அதனால் அத்தை வீட்டுத் தகடுகள் இரண்டையும் வரிசையில் கோக்காமல் பக்க இணைப்பில் இணைத்தோம்.

மூன்றாவது, பழுதானால் யார் வருவார் என்று கேட்க. தனித்தனிக் கருவியாயின் கெட்டது ஒன்றை மட்டும் மாற்றலாம். எல்லாம் ஒன்றானால், ஒன்று கெட எல்லாம் நிற்கும். விலையில் சிறிது கூடினாலும், அருகிலுள்ள பட்டணத்தில் பழுது பார்ப்பவர் உள்ள பெட்டியே காட்டு வழிக்கு ஏற்றது.

விற்ற நட்டத்தை என் உதவித்தொகையிலிருந்து சிறுகச் சிறுக அடைத்து வருகிறேன். அத்தையின் சங்கிலி இன்னும் மீளவில்லை. அத்தை மகள் பங்குனியில் தேர்வெழுதித் தேறிவிட்டாள். விஞ்ஞானப் பாடமே எடுக்கப் போகிறாளாம்.

நண்பர்களே! ஊரிலே நம்மைப் 'படித்தவன்' என்று நம்பிக் கேட்கிறார்கள். நாம் வாய்ப்பேச்சாக விடும் ஒரு சொல்லுக்காகத் தம் கழுத்து நகையைக் கழற்றுகிறார்கள். ஆதலால் பதில் சொல்லும் முன், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துப் பத்து நிமிடம் கணக்குப் போடுவோம். அந்தப் பத்து நிமிடத்தை அன்றே நான் செலவிட்டிருந்தால், ஓர் ஐப்பசி முழுவதும் ஒரு பெண் புகையிலே படித்திருக்க மாட்டாள்.