எலிக் காய்ச்சலும் வயல் நீரும்

மண்ணிலும் நீரிலும், நம் குடலிலுங்கூட, எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பாலைத் தயிராக்குவனவும் சாணத்தை எருவாக்குவனவும் அவையே. மனிதனுக்குத் தீங்கு செய்வன மிகச் சிலவே. அச்சிலவற்றுள் பெரார்கஞ்ச் வட்டாரத்து உழவர்கள் நன்கு அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அதன் பெயர் லெப்டோஸ்பைரா. அது விளைவிக்கும் நோயே எலிக் காய்ச்சல்.

திருகுச் சுருள் போன்ற வடிவுடைய இந்நுண்ணுயிர் எலி, மாடு, பன்றி முதலியவற்றின் சிறுநீரகத்தில் தங்கிச் சிறுநீருடன் வெளிப்படுகின்றது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல வாரங்கள் உயிரோடிருக்க வல்லது. வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவோரின் சிராய்ப்பு, பித்தவெடிப்பு வழியாகவும், கண், வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் உடலினுள் புகுகின்றது.

அந்தமானில் இந்நோய் பற்றிய அறிக்கை 1931-லேயே வெளிவந்தது. ஆயினும், 1988 முதல் வட அந்தமானின் டிக்லிப்பூர்ப் பகுதியில் காய்ச்சலும் நுரையீரலில் இரத்தக் கசிவும் கண்டு மக்கள் மாண்டபோது காரணம் விளங்கவில்லை. அதனை 'அந்தமான் இரத்தப்போக்குக் காய்ச்சல்' என்றே அழைத்தனர். அக்காலத்தில் போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் 1983-இல் நிறுவப்பட்ட மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் ஆராய்ந்து, அது லெப்டோஸ்பைராவின் செயலே என்று 1995-இல் வெளியிட்டனர். நோய் இன்னதெனத் தெரிந்ததும் மருந்தும் தெளிவாயிற்று: பெனிசிலின், டாக்சிசைக்ளின் போன்றவை இக்கிருமியை அழிக்கும்.

அம்மையத்தார் வட அந்தமானில் 782 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2000-இல் வெளிவந்தது. வாரந்தோறும் டாக்சிசைக்ளின் உண்டவர்களிடத்தும் கிருமி தொற்றாமலில்லை. ஆனால் நோயாய் வெளிப்பட்டது ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது. எனவே மருந்து துணையேயன்றிக் காவலன்று. மருத்துவர் கூறாமல் அதனை உண்ணுதலும், தொடங்கியதை இடையில் நிறுத்துதலும் தவறு. அத்தகைய முறையற்ற பழக்கத்தால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகும்.

உண்மையான காவல் எளியது: வயலில் இறங்குமுன் புண்ணைக் கட்டுதல், இயன்றவரை ரப்பர்க் காலணி அணிதல், தானியத்தை எலி அணுகாது மூடிவைத்தல், நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல்.

களப்பணியாளரும் ஆசிரியரும் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மழைக்குப் பின் வயலில் உழைத்தவருக்குக் கடுங்காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் சேர்ந்து தோன்றினால், 'சாதாரணச் சுரம்' என்று நாள் கடத்தலாகாது. மஞ்சள் காமாலையோ இருமலில் இரத்தமோ காணும்வரை காத்திருப்பது உயிருக்கே இறுதியாகலாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புக. சேற்றில் இறங்கியதையும் மருத்துவரிடம் தவறாது சொல்லுமாறு கூறுக. அவ்வொரு சொல் நோயைக் கண்டறியப் பேருதவி புரியும்.