கருத்துக் கேட்பில் யாருக்கு நாற்காலி? நலவாழ்வு முன்னுரிமைகளும் விளிம்புநிலை மக்களும்

எந்த அரசாலும் எல்லா நோய்க்கும், எல்லாருக்கும், ஒரே நேரத்தில் செலவழிக்க முடியாது. மாவட்ட மருத்துவமனைக்கு டயாலிசிஸ் கருவி வாங்குவதா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரவுநேரச் செவிலியரை அமர்த்துவதா. முதியோர் உதவித்தொகையை உயர்த்துவதா, படுத்த படுக்கையாகிவிட்டவரின் வீட்டுக்குப் பராமரிப்பாளரை அனுப்புவதா என்று யாரோ ஒருவர் எங்கோ வரிசை போட்டுக்கொண்டேதான் இருக்கிறார். கொள்கை மொழியில் இதை முன்னுரிமை நிர்ணயம் என்பார்கள். நெடுங்காலம் இது மருத்துவ வல்லுநர்களும் நிதித்துறை அதிகாரிகளும் மூடிய அறைக்குள் செய்த வேலையாக இருந்தது. கடந்த நாற்பது ஆண்டுகளில் பல நாடுகள் இதற்கு மக்களையும் அழைக்கத் தொடங்கியுள்ளன. நம் நாட்டிலும் வரைவுக் கொள்கைகள் இணையத்தில் வெளியாகின்றன. மாவட்டங்களில் கூட்டங்கள் நடக்கின்றன.

அழைப்பது நல்லதே. எனினும் ஒரு கருத்துக் கேட்பின் முடிவு பெருமளவுக்கு முதல் ஆள் வாய் திறக்கும் முன்பே உருவாகிவிடுகிறது. அவையில் யார் யார் அமர்வார்கள், அவர்களிடம் எந்தக் கேள்வி கேட்கப்படும், அவர்கள் சொன்னதற்கு அரசு பதில் சொல்லியாக வேண்டுமா என்பவை முன்கூட்டியே வகுக்கப்படுகின்றன. இவற்றை வகுக்கும் இடத்தில் ஒடுக்கப்பட்டோர் இல்லையென்றால், கருத்துக் கேட்பு ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வுக்கு 'மக்கள் ஒப்புதல்' என்ற முத்திரையையும் சேர்த்துத் தந்துவிடும். இது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் தெளிவான பாடம்.

1987இல் ஓரிகன் சட்டமன்றம் மெடிகெய்டு எனப்படும் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளை நீக்கியது. அந்தப் பணத்தில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அடிப்படைச் சிகிச்சை தரலாம் என்பது கணக்கு. அதே ஆண்டின் இறுதியில், எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பணம் கிடைக்காத ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இரத்தப் புற்றுநோயால் இறந்தான். நாடே கொந்தளித்தது. அப்போது மாநில செனட்டின் தலைவராக இருந்த ஜான் கிட்ஸாபர், தொழிலால் அவசரசிகிச்சை மருத்துவர். சிகிச்சைகளை வெளிப்படையாக வரிசைப்படுத்துவோம், மக்களையும் கேட்போம், கையிருப்புப் பணம் எட்டும் எண் வரை எல்லா ஏழைகளுக்கும் வழங்குவோம் என்ற திட்டத்தை அவர் முன்வைத்தார். 1989இல் சட்டமும் வந்தது.

மாநிலம் முழுவதும் 47 சமூகக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. வந்தவர்கள் யார்? பாதிக்கும் மேற்பட்டோர் மருத்துவத் துறையில் பணிபுரிந்தவர்கள். எந்தக் காப்பீட்டைப் பற்றி முடிவெடுக்கப்பட்டதோ அந்தக் காப்பீட்டில் இருந்த ஏழைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே வந்திருந்தனர். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. ஆனால் நாள்கூலியை விட்டு, பிள்ளைகளை யாரிடமோ ஒப்படைத்து, பேருந்துக்குச் செலவழித்து மாலைக் கூட்டத்துக்கு வருவது எவருக்கு இயலும் என்று யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. முடிவான வரிசையோ நடைமுறையில் அந்த ஏழைகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. தனியார் காப்பீடு வைத்திருந்தோருக்கு அதனால் எந்தச் சிகிச்சையும் குறையவில்லை. தமக்குப் பொருந்தாத சிக்கனத்தை மற்றவருக்கு வகுத்துத் தருவது எப்போதும் எளிது.

கேள்வியிலும் கோளாறு இருந்தது. 1,001 பேரிடம் தொலைபேசியில் ஆய்வு நடத்தினார்கள். சக்கர நாற்காலியில் வாழ்வது போன்ற நிலைகளுக்கு எவ்வளவு மதிப்பெண் தருவீர்கள் என்பது அதன் சாரம். உடல்நலத்தோடு இருந்தவர்கள் அத்தகைய வாழ்க்கைகளுக்குக் குறைந்த மதிப்பெண் தந்தார்கள். அந்த எண்களையும் செலவுக் கணக்கையும் சேர்த்து 1990இல் உருவாக்கிய முதல் பட்டியலில், கருப்பைக்கு வெளியே தங்கிவிட்ட கருவை அகற்றி உயிர்காக்கும் அறுவைச் சிகிச்சையைவிடப் பல்லுக்கு உறை போடுவது சற்று மேலே நின்றது! நகைப்புக்கு ஆளான அந்தப் பட்டியலைக் கைவிட்டு, 1991இல் 709 வரிசைகள் கொண்ட புதிய பட்டியல் தயாரானது. 587ஆம் எண் வரை பணம் ஒதுக்கப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1992இல் ஒன்றிய அரசு இத்திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கைக்கு மற்றவர்கள் இட்ட குறைந்த மதிப்பைக் கொண்டு சிகிச்சையை வரிசைப்படுத்துவது, 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு எதிரானது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஓரிகன் அந்த மதிப்பெண்களை நீக்கி விண்ணப்பத்தைத் திருத்திய பிறகே, 1993இல் அனுமதி கிடைத்தது. 1994 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகக் காப்பீடு பெற்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பெரும்பான்மையின் கருத்து ஒரு சிறுபான்மையின் உயிருக்கு விலை குறிக்கத் துணிந்தபோது, அதைத் தடுத்தது இன்னொரு கூட்டம் அன்று; முன்னரே போராடிப் பெற்ற உரிமைச் சட்டம்.

இந்தச் சிக்கலை அண்ணல் அம்பேத்கர் 1919இலேயே எடுத்துரைத்திருக்கிறார். வாக்குரிமை குறித்து விசாரித்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சியமளித்தபோது, மக்களின் கருத்து பிரதிநிதித்துவம் பெற்றால் போதாது, அந்த மக்களே ஆளாக அவையில் இடம்பெற வேண்டும் என்று அவர் வாதிட்டார். நிலப்பரப்பை மட்டும் அலகாகக் கொண்ட தொகுதிகளில் தீண்டத்தகாதோரின் குரல் எழாது என்றும் விளக்கினார். 'ஊர் மக்கள் அனைவரும் வரலாம்' என்று தண்டோரா போட்டுவிட்டால் கடமை முடிந்தது என எண்ணும் இன்றைய கருத்துக் கேட்புகளுக்கும் அந்த வாதம் அப்படியே பொருந்துகிறது.

ஆளாக அவையில் இடம்பெறுவதைச் சட்டமாகவே ஆக்கிய நாடு பிரேசில். அங்கே தேசிய நலவாழ்வு மாநாடுகள் 1941 முதலே நடந்தன. முதல் ஏழும் பெரும்பாலும் அதிகாரிகளும் வல்லுநர்களும் கூடிய அவைகள். இராணுவ ஆட்சி முடிந்த மறு ஆண்டு, 1986 மார்ச்சில், தலைநகர் பிரசீலியாவில் செர்ஜியோ அரோக்கா தலைமையில் நடந்த எட்டாவது மாநாட்டில் முதன்முறையாக வெகுமக்கள் அமைப்புகள் நுழைந்தன. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். நலவாழ்வு எல்லாருக்கும் உரிமை, அதை வழங்குவது அரசின் கடமை என்று அங்கே எழுந்த முழக்கம் 1988ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்தில் 196ஆவது பிரிவாக இடம்பெற்றது.

அதோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு நல்ல நினைவாக மட்டுமே எஞ்சியிருக்கும். 1990 டிசம்பரில் இயற்றப்பட்ட 8142 எண் சட்டம், நகராட்சி, மாநிலம், நாடு என்ற மூன்று மட்டங்களிலும் நிரந்தர நலவாழ்வு மன்றங்களை அமைத்தது. அவற்றில் பாதி இடங்கள் மருத்துவச் சேவையைப் பயன்படுத்தும் மக்களின் பிரதிநிதிகளுக்கு. மருத்துவப் பணியாளர்களும், அரசும் சேவை வழங்குநரும் மீதிப் பாதியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மன்றம் அமைக்காத நகராட்சிக்கு ஒன்றிய நிதியை நேரடியாகப் பெறும் தகுதி இல்லை என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சிகளில் மன்றங்கள் முளைத்ததற்கு மேயர்களின் மனமாற்றத்தைவிட இந்த நிபந்தனையே பெருங்காரணம் என்று கருதுகிறேன்.

இந்த அவைகளுக்குள் கறுப்பின இயக்கம் செய்த வேலை தலித் இயக்கங்கள் ஊன்றிக் கற்க வேண்டியது. பிரேசில் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைக் கறுப்பர் என்றோ கலப்பினத்தவர் என்றோ குறிப்பிடுகிறார்கள். ஆனாலும் 'இங்கே இனப்பாகுபாடு இல்லை' என்ற கற்பிதம் அங்கே வலுவானது. 'இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்' என்று நாம் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சின் உடன்பிறப்பு. 1995 நவம்பர் 20இல் தலைநகரில் திரண்ட பெரும் பேரணிக்குப் பின், இறப்புச் சான்றிதழ்களிலும் பிறப்புப் பதிவுகளிலும் இனம், நிறம் பற்றிய விவரத்தைக் குறிக்கும் நடைமுறை வந்தது. யார் எதனால் சாகிறார்கள் என்பதை எண்களால் காட்ட முடிந்த பிறகு, மன்றங்களிலும் மாநாடுகளிலும் அந்த எண்களை வைத்து வாதாடினார்கள். கறுப்பின மக்களின் முழுமையான நலவாழ்வுக்கான தேசியக் கொள்கையை 2006இல் தேசிய நலவாழ்வு மன்றம் ஏற்றது; 2009 மே 13இல் அமைச்சகம் ஆணையாக வெளியிட்டது. நிறுவனங்களுக்குள் ஊறிய இனவெறி உடல்நலத்தைக் கெடுக்கும் காரணி என்று அந்த அரசு ஆவணம் ஒப்புக்கொள்கிறது.

பிரேசிலும் சொர்க்கம் அல்ல. சிறு நகராட்சிகள் பலவற்றில் 'பயனாளர் பிரதிநிதி' என்பவர் மேயரின் ஆளாகவே இருக்கிறார் என்று ஆய்வாளர்கள் குறை கூறியுள்ளனர். கறுப்பின நலவாழ்வுக் கொள்கையும் பல ஊர்களில் தாளிலேயே தங்கிவிட்டது. தலித் ஊராட்சித் தலைவருக்குப் பின்னால் ஆதிக்க சாதிக்காரர் அமர்ந்து ஆளும் காட்சியை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தேசிய நலவாழ்வுக் கொள்கையின் வரைவை ஒன்றிய அரசு 2014 டிசம்பர் இறுதியில் இணையத்தில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. மருத்துவ உரிமையைச் சட்ட உரிமையாக்கும் தேசிய நலவாழ்வு உரிமைச் சட்டம் குறித்த யோசனை அந்த வரைவில் இருந்தது. 2017 மார்ச்சில் அமைச்சரவை ஒப்புதல் அளித்த இறுதிக் கொள்கையில் அது இல்லை. 'உறுதியளிப்பு' என்ற வழுக்கலான சொல் அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. வந்து குவிந்த ஆயிரக்கணக்கான கருத்துகளில் எவை ஏற்கப்பட்டன, எவை எக்காரணத்தால் மறுக்கப்பட்டன என்ற கணக்கு அந்த இறுதி ஆவணத்தில் இல்லை. சட்ட வரைவுகளுக்காவது, குறைந்தது 30 நாள்கள் மக்கள் பார்வைக்கு வைத்து, வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று 2014 பிப்ரவரியில் எடுக்கப்பட்ட முடிவு ஒன்று உண்டு. அதுவும் நெறிமுறைதான், மீறினால் கேட்க வழியில்லை. இணையவழிக் கேட்பில் யாருடைய குரல் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மலக்குழியில் இறக்கப்படும் தொழிலாளி மின்னஞ்சலில் கொள்கைக் குறிப்பு அனுப்பப்போவதில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை ஒரு படி மேல். உலக வங்கிக் கடனுதவியுடன் 2019இல் தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட, மாநில சுகாதாரப் பேரவைகள் உருவாயின. கீழ்மட்டக் கூட்டங்களில் எழும் கோரிக்கைகள் மேலே செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இதை வரவேற்க வேண்டும். கூடவே உற்றுநோக்கவும் வேண்டும். பேரவை ஒரு திட்டத்தின் உறுப்பு. திட்டம் முடிந்தால் அதுவும் முடியலாம். பிரேசிலின் மன்றங்களைப் போல அது சட்டத்தால் நிற்கவில்லை.

பேரவையின் வேர் ஊரில்தான் இருக்க வேண்டும். ஊரோ சாதியால் பிளந்து கிடக்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவரை முறையாகத் தேர்ந்தெடுக்கவே ஆதிக்க சாதியினர் விடவில்லை. அரசமைப்பே தந்த நாற்காலிக்கு அந்தக் கதி என்றால், கிராம சபையில் ஒரு தலித் பெண் எழுந்து, 'எங்கள் தெருவுக்குச் செவிலியர் வருவதில்லை' என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அவர் சொல்லக்கூடியது ஒன்றும் கற்பனைக் குறை அல்ல. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகள் மருத்துவ வசதி பெறுவதை ஆராய்ந்த சங்கமித்ரா ஆச்சார்யா, மருந்து கொடுக்கும்போதுகூடத் தொடுவதைத் தவிர்க்கும் நடத்தையைப் பதிவு செய்திருக்கிறார்.

கேள்வியை வகுக்கும்போது நம் கையில் எண்கள் வேண்டும். தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது உயர்சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. (மாணவர்கள் கவனிக்க: இது இறந்தவர்களின் சராசரி வயது, ஆயுள் எதிர்பார்ப்பு என்று மேடையில் சொன்னால், மறுப்பவருக்கு நாமே வழிவிட்டதாகும்.) கையால் மலம் அள்ளுவோராகக் கண்டறியப்பட்டு, சாதி விவரமும் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று 2021இல் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஆனால் மாவட்டப் பேரவையில் வாதாட மாவட்ட அளவிலான எண் தேவை. தேசியக் குடும்பநல ஆய்வு வெளியிடும் மாவட்டத் தாள்களில் சாதிவாரிப் பிரிப்பு இல்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் எல்லாத் தெருவிலும் இருப்பதால் 'மக்களைத் தேடி மருத்துவம்' போன்ற திட்டங்களில் அவை இயல்பாகவே முன்னே வருகின்றன. தூய்மைப் பணியாளரின் நுரையீரலும் தோலும் சில தெருக்களுக்கு மட்டும் உரிய செய்தி. கணக்கு எடுக்காதவரை அது எந்த வரிசையிலும் ஏறாது.

ஆகவே அடுத்த மாவட்டப் பேரவை கூடும் முன் தோழர்கள் செய்யத்தக்க வேலை உண்டு. உறுப்பினர் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். மாநில மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கான பட்டியல் சாதியினர், அதிலும் பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று எண்ணலாம். வருவோருக்கு அன்றைய கூலியும் பயணச் செலவும் தரக் கோரலாம். ஊர்ச் சபையில் பேச முடியாததைப் பேசும்படி, குடியிருப்பிலேயே தனிக் கூட்டம் நடத்தி அதன் தீர்மானத்தைப் பேரவையின் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லலாம். முந்தைய ஆண்டுத் தீர்மானங்கள் ஒவ்வொன்றுக்கும் துறையின் எழுத்துப்பூர்வ பதிலைக் கேட்கலாம். 2024இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம், மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கப் பணிக்கிறது. அந்தச் சட்டத்தின்படி நலவாழ்வுத் துறை ஒதுக்கும் தொகை எந்தெந்தப் பணிக்குச் செல்கிறது என்ற பட்டியலைப் பேரவையின் மேசையில் வைக்க வேண்டும் என்பதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.