தமிழகத்தில் தனித்தாய்ப்பாலூட்டலைத் தீர்மானிக்கும் காரணிகள்

ஆய்வுச் சுருக்கம்
தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. எனினும் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தாய்ப்பாலை மட்டும் பெறுவதில்லை. இம்முரணுக்கான காரணிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தனித்தாய்ப்பாலூட்டல், சீம்பால், சேனை, மகப்பேறு விடுப்பு.

முன்னுரை
பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தண்ணீர் உட்பட வேறெதுவும் தராமல் தாய்ப்பாலை மட்டும் அளிப்பதே தனித்தாய்ப்பாலூட்டல் ஆகும். மருந்து, உயிர்ச்சத்துச் சொட்டுகள் முதலியன மட்டும் இதற்கு விலக்கு. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழகத்தில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 விழுக்காடு, தனித்தாய்ப்பாலூட்டலோ 55.1 விழுக்காடு. இது தேசியச் சராசரியான 63.7 விழுக்காட்டினும் குறைவு. எனவே மருத்துவமனையை அடைவதால் மட்டும் இவ்வழக்கம் உறுதிப்படுவதில்லை எனலாம்.

மருத்துவக் காரணிகள்
அதே கணக்கெடுப்பில் தமிழகத்தின் அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடு. மயக்கமருந்தின் தாக்கமும் தையல் வலியும் முதல் ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டுவதைத் தாமதப்படுத்துகின்றன. அந்த இடைவெளியில் புட்டிப்பால் புகுந்துவிடுகிறது. சீம்பாலின் அளவு இயல்பாகவே குறைவு என்பதை அறியாத குடும்பத்தினர் அதனைப் பால் சுரக்காமை எனக் கருதுகின்றனர்.

‘பால் போதவில்லை’ என்னும் எண்ணம்
குழந்தை சப்பும்போது புரோலாக்டின் தூண்டப்பட்டுப் பால் சுரக்கிறது. மார்பில் பால் வெளியேறும் அளவிற்கேற்பவே சுரப்பும் தொடர்கிறது. குழந்தை அழுவதைப் பசியென்று மட்டும் கொண்டு பசும்பாலோ மாவுப்பாலோ புகட்டினால், அது சப்புவது குறைகிறது. அதனால் சுரப்பும் குறைகிறது. தொடக்கத்தில் வெறும் ஐயமாக இருந்தது இவ்வாறு பின்னர் உண்மையாகிவிடுகிறது. பாலூட்டலைக் கைவிடச்செய்யும் காரணிகளுள் இதுவே தனிக்கவனம் பெறத்தக்கது. ஏனெனில் உரிய அறிவுரையால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது.

குடும்ப, பண்பாட்டுக் காரணிகள்
பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரை நீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனை வழக்கமும், கோடையில் தண்ணீர் புகட்டும் வழக்கமும் தனித்தாய்ப்பாலூட்டலுக்கு இடையூறாகின்றன. தாய்ப்பாலின் பெரும்பகுதி நீரே என்பதால் கோடையிலும் தனியே தண்ணீர் தேவையில்லை. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் பெண்ணுக்கு ஓய்வளிக்கிறது. ஆயினும் அங்குக் குழந்தையின் உணவைப் பெரும்பாலும் முடிவு செய்பவர் பாட்டியே. சில மாதங்களில் கணவர் வீடு திரும்பும்போது வீட்டுப்பணி கூடி, ஓய்வும் துணையும் குறைகின்றன.

பணிச்சூழல்
2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு வழங்கியது. இது பெரும்பாலும் முறைசார்ந்த நிறுவனங்களில் பணிபுரிவோர்க்கே எட்டுகிறது. வயல்வேலை, கட்டடவேலை, வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு ஊதியத்துடன் கூடிய இவ்விடுப்பு எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி உதவினும், ஆறு மாத ஊதிய இழப்புக்கு அது ஈடாகாது.

முடிவுரை
தனித்தாய்ப்பாலூட்டல் தாயின் விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. பிரசவ அறை, பாட்டியின் சொல், வேலைத்தளம் ஆகிய மூன்றும் அதனைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அறுவைப் பிரசவத்திற்குப் பின் உடனடிப் பாலூட்ட உதவி, பாட்டியரையும் உள்ளடக்கிய அறிவுரை, முறைசாராத் தொழிலாளர்க்கு ஊதியப் பாதுகாப்பு ஆகியவை ஒருங்கே தேவை. தாய்க்கு மட்டும் அறிவுரை கூறுவது பொறுப்பு முழுவதையும் அவள் மீதே சுமத்துவதாக முடியும்.