சங்கு போய்க் காளான் வந்தது

கோவையில் தெருத்தீனி தேடி நடக்கிறவர் டவுன்ஹாலில் தொடங்குவது நல்லது. 1892-ல் எழுந்த அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி, ராஜ வீதி, ரங்கே கவுடர் வீதி எல்லாமே நடைதூரம்தான். வண்டியில் போனால் நெரிசல் மட்டுமே மிஞ்சும்.

ஒரு காலத்தில் இந்த ஊரின் பசிக்கு நேரம் குறித்தது மில் சங்கு. 1888-ல் ஸ்டேன்ஸ் மில், 1910-ல் லட்சுமி மில், பைக்காரா மின்சாரம் வந்த 1930-களில் இன்னும் பல. ஷிஃப்ட் விட்டதும் வாசல் டீக்கடையில் போண்டா, பஜ்ஜி. அவ்வளவே; தெருவில் வயிறார உண்பது வழக்கமில்லை. சோறு வீட்டிலிருந்து தூக்குப்போசியில் வந்தது. கம்மஞ்சோறும் ராகிக்களியும் அன்றாடம் இருந்தாலும் ஒரம்பரை வந்துவிட்டால் நெல்லுச்சோறுதான் ஆக்க வேண்டும். கம்பை விருந்துக்கு வைப்பது கௌரவக் குறைச்சல்.

அதே கம்பு இன்று தள்ளுவண்டியில் கூழாக நிற்கிறது, காரை ஓரங்கட்டிக் குடிக்கிறார்கள். மோர்மிளகாய், வத்தல், மாங்காய், சின்ன வெங்காயம் என்று தொட்டுக்கொள்ள அடுக்கியிருப்பதைப் பார்த்தால், பலர் வருவது கூழுக்கா கிண்ணங்களுக்கா என்று சந்தேகம் வரும். டீக்கடை இருந்த இடங்களில் பேக்கரி. கோவைக்காரர்கள் சந்தித்துப் பேச இடம் சொன்னால் பாதி நேரம் அது ஒரு பேக்கரி வாசலாகத்தான் இருக்கும்.

ஆனால் சாயங்காலத் தெரு காளானுக்குச் சொந்தம். பொடியாக நறுக்கியதை மாவில் பிசைந்து எண்ணெயில் பொரித்து, அகலமான கல்லில் போட்டுக் கொத்தி, மசாலாக் குழம்பில் புரட்டி, மேலே பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். உள்ளே பெரும்பாலும் முட்டைக்கோஸ். காளான் துணைக்கு வந்தது. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். நீலகிரிக் காய்கறி இறங்கும் மேட்டுப்பாளையம் மண்டி பக்கத்திலேயே இருக்கும்போது கோஸைவிட மலிவாக வேறென்ன கிடைக்கும்? வேடிக்கை என்னவென்றால், காளான் வளர்ப்பைத் தமிழக உழவர்களுக்குக் கற்றுத்தரும் வேளாண் பல்கலைக்கழகமும் இதே ஊரில்தான் இருக்கிறது.

சுவையில் இது கோபி மஞ்சூரியனின் தாயாதி. அந்த மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாதென்று கர்நாடகம் 2024 மார்ச்சில் தடை விதித்தது. இங்கேயும் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் கல் மின்னினால் அடுத்த வண்டிக்கு நகர்வதே என் பழக்கம். நல்ல காளான் பழுப்பாகத்தான் இருக்கும். 'முறுகலா' என்று கேட்டு வாங்குங்கள். குழம்பில் ஊறிவிட்டால் கோஸ் களிபோல் ஆகிவிடும்.

தெற்கே நடந்தால் உக்கடம். 2024 ஆகஸ்டில் திறந்த மேம்பாலம் ஆத்துப்பாலம் போகிறவர்களைத் தலைக்கு மேலே கொண்டுபோகிறது. கீழே நடக்கிறவருக்குத்தான் கோட்டைமேட்டு பிரியாணி வாசம். நோன்பு மாதத்தில் போனால் மாலை முழுக்க அங்கேயே கழிந்துவிடும்.

மில்கள் பல மூடிவிட்டன. அவினாசி சாலையில் லட்சுமி மில் இருந்த இடத்திலேயே இன்று உணவகங்கள் நடக்கின்றன, குளிரூட்டிய அறைகளில். தெருவண்டிக்காரருக்கு 2014-ன் சாலையோர வியாபாரிகள் சட்டம் அடையாள அட்டைக்கு உரிமை தந்திருக்கிறது. என்றாலும் சாலை அகலமானால் முதலில் நகர்த்தப்படுவது அவருடைய அடுப்புதான்.