கண்ட்ரோல் சி யாருக்குப் போகுது?

உபுண்டு லேபில் டெர்மினலைத் திறந்து ஒரு புரோகிராமை ஓடவிட்டிருக்கீங்க. பத்து நிமிஷமா ஓடிக்கிட்டிருக்கு. நடுவுல வந்த அவுட்புட்டில் ரெண்டு வரி ரெக்கார்டுக்கு வேணும். மவுஸால் இழுத்து செலக்ட் பண்ணி, பழக்கதோஷத்தில் கண்ட்ரோல் சி தட்டுறீங்க. காப்பி ஆகலை. புரோகிராம் நின்னுபோச்சு. முதல்லேருந்து ஓடவிடணும்.

கீபோர்டு ஷார்ட்கட் பட்டியல் நம்ம எல்லாருக்குமே ஸ்கூல்லேருந்தே வந்துக்கிட்டுதான் இருக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் மாசத்துக்கு ஒருத்தராவது "நூறு ஷார்ட்கட்" பிடிஎஃப் போடுறாங்க. அதில் எந்தக் கீ என்ன செய்யும்னு இருக்கும். அந்தக் கீயை வாங்கிக்கிறது யாருன்னு மட்டும் இருக்காது. ஆபரேட்டிங் சிஸ்டமா, பிரவுசரா, டெர்மினலா, உள்ளே ஓடுற புரோகிராமா? ஆள் மாறினா அதே கீ வேற வேலை செய்யும். லேபில் நாம முழிக்கிற இடங்கள் பெரும்பாலும் இதுதான்.

டெர்மினலிலிருந்தே தொடங்குவோம். ஸ்க்ரீன் பரவலாகாத காலத்தில் கம்ப்யூட்டரோடு பேச டெலிடைப் என்று ஒரு மெஷின் இருந்தது. டைப்ரைட்டர் மாதிரி பேப்பரில் அடிக்கும், ஒயர் வழியா எழுத்தை அனுப்பும். 1963இல் வந்த ஆஸ்கி முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். பெரிய ஏ 65, பி 66, சி 67. கண்ட்ரோல் கீயை அழுத்திக்கிட்டு ஒரு எழுத்தைத் தட்டினா அந்த எண்ணிலிருந்து 64 கழிஞ்சிடும். அப்போ கண்ட்ரோல் சி என்பது 3. கண்ட்ரோல் ஜி 7, அதுக்கு டெலிடைப்பில் நிஜமாவே மணி அடிக்கும். கண்ட்ரோல் ஐ 9, அதுதான் டேப். கண்ட்ரோல் எம் 13, அதுதான் என்டர். நம்பலைன்னா டெர்மினலில் எல்எஸ் என்று டைப் பண்ணி என்டருக்குப் பதிலா கண்ட்ரோல் எம் தட்டிப் பாருங்க.

ஆக, கண்ட்ரோல் சி பிறந்தது காப்பிக்காக இல்லை. யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்களில் டெர்மினல் 3ஆம் எண்ணைப் பார்த்ததும், ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமுக்கு "நிறுத்து" என்று சிக்னல் அனுப்பும். அது இன்னிக்கும் அப்படியே இருக்கு. உபுண்டு டெர்மினலில் காப்பி பண்ண கண்ட்ரோல் ஷிஃப்ட் சி, பேஸ்ட் பண்ண கண்ட்ரோல் ஷிஃப்ட் வி.

இதே குடும்பத்தில் இன்னும் மூணு பேர் இருக்காங்க. மூணு பேரும் நம்ம பசங்களை நல்லா ஏமாத்துவாங்க.

முதல் ஆள் கண்ட்ரோல் எஸ். விம் எடிட்டரில் உட்கார்ந்து சேவ் பண்றோம்னு நினைச்சுக் கண்ட்ரோல் எஸ் தட்டினா சில சிஸ்டத்தில் திரை உறைஞ்சிடும். எந்தக் கீயைத் தட்டினாலும் அசைவே இருக்காது. "சிஸ்டம் ஹேங் சார்" என்று கையைத் தூக்குவாங்க, அல்லது பவர் பட்டனை அழுத்தி எழுதின எல்லாத்தையும் தொலைப்பாங்க. ஹேங்கே கிடையாது. 19ஆம் எண் என்றால் "அனுப்புறதை நிறுத்து" என்று அர்த்தம், பேப்பர் வேகத்துக்கு மெஷின் ஈடு கொடுக்க முடியாத காலத்து ஏற்பாடு. கண்ட்ரோல் க்யூ தட்டினா மறுபடி ஓடும். உறைஞ்ச நேரத்தில் கோபத்தில் தட்டின கீ எல்லாம் மொத்தமா உள்ளே வந்து விழும், அதனால சும்மா எதையும் தட்டாம இருக்கிறது நல்லது.

ரெண்டாவது கண்ட்ரோல் இசட். இது டெர்மினலில் அன்டூ இல்லை, புரோகிராமை நிறுத்தவும் இல்லை. தூங்க வைக்கும். மினி புராஜெக்டுக்கு ஒரு வெப் சர்வரை ஓடவிட்டு, கண்ட்ரோல் இசட் தட்டி "க்ளோஸ் பண்ணிட்டேன்" என்று நினைச்சு, மறுபடி ஓடவிட்டா "போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கு" என்று எர்ரர் வரும். ரிவ்யூ அன்னிக்குக் காலையில் இந்த எர்ரரோட போராடுறவங்களை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கலாம். பழைய சர்வர் தூங்கிக்கிட்டே போர்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கு. எஃப் ஜி என்று ரெண்டு எழுத்து அடிச்சா அது எழுந்து முன்னாடி வரும், அப்புறம் கண்ட்ரோல் சி போட்டு முடிச்சிடுங்க.

மூணாவது கண்ட்ரோல் டி, எண் 4, "இனிமே இன்புட் இல்லை" என்று சொல்றது. சி புரோகிராம் இன்புட் முடியுற வரைக்கும் படிக்கிற மாதிரி எழுதியிருந்தா லினக்ஸில் கண்ட்ரோல் டி. விண்டோஸில் அதே வேலைக்குக் கண்ட்ரோல் இசட் தட்டி என்டர். காலி பிராம்ப்டில் கண்ட்ரோல் டி தட்டினா டெர்மினலே மூடிக்கும்.

அப்போ காப்பி, பேஸ்ட் எங்கேருந்து வந்தது? 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆராய்ச்சி மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்று ஒரு எடிட்டர் செஞ்சாங்க. வெட்டி, காப்பி எடுத்து, ஒட்டுறது என்ற பழக்கம் அங்கேருந்து வருது. (டெஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார்.) அப்புறம் அவர் ஆப்பிளுக்குப் போனார். அங்கே 1980களில் வந்த கம்ப்யூட்டர்களில் இசட், எக்ஸ், சி, வி என்ற நாலு எழுத்தும் நிலைச்சது. கீபோர்டைப் பாருங்க, நாலும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. வலது கை மவுஸில் இருக்கும்போது இடது கைக்கு எட்டும்.

ஆப்பிள் இதுக்குக் கண்ட்ரோல் கீயைத் தொடலை. கமாண்ட் என்று தனிக் கீ வச்சாங்க. அதனால இன்னிக்கும் மேக் டெர்மினலில் இந்தச் சண்டையே கிடையாது. கமாண்ட் சி காப்பி, கண்ட்ரோல் சி நிறுத்தம். விண்டோஸ் ஆரம்பத்தில் கண்ட்ரோல் இன்சர்ட், ஷிஃப்ட் இன்சர்ட் என்று வேற வழியில் போயிட்டு, பிறகு மேக்கின் நாலு எழுத்தையும் எடுத்துக் கண்ட்ரோல் கீ மேல ஏத்திடுச்சு. ஒரே கீக்கு ரெண்டு முதலாளி ஆன கதை இதுதான். பழைய ஷிஃப்ட் இன்சர்ட் இன்னும் பல இடத்தில் வேலை செய்யுது, டெர்மினலில் பேஸ்ட் பண்ண ரொம்ப உதவும்.

தேர்வு நேரத்தில்

இப்போ எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம். பிளேஸ்மென்ட் ஆன்லைன் டெஸ்ட் பெரும்பாலும் பிரவுசருக்குள்ளே நடக்குது. நீங்க தட்டுற கீ முதல்ல ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் போகும். அது வேணாம்னு விட்டாதான் பிரவுசருக்கு, பிரவுசர் விட்டாதான் டெஸ்ட் பக்கத்துக்கு.

ஆல்ட் டேப், விண்டோஸ் கீ, விண்டோஸ் எல் இதெல்லாம் சிஸ்டமே எடுத்துக்கும். டெஸ்ட் பக்கத்துக்கு "நான் முன்னாடி இல்லை" என்ற சேதி மட்டும் போகும். நீங்க கால்குலேட்டர் திறந்தீங்களா, கை தவறி விண்டோஸ் கீ பட்டுதா என்று அதுக்குத் தெரியாது. வெளியே போனது ஒரு தடவை என்று எண்ணிக்கும். சில டெஸ்ட் மூணு எண்ணினதும் மூடிடும். நேர்மையா எழுதுறவங்களும் இதில் மாட்டுறாங்க என்பதால்தான் சொல்றேன்.

கண்ட்ரோல் டபிள்யூ, கண்ட்ரோல் டி, கண்ட்ரோல் என் மூணையும் குரோம் வழக்கமா பக்கத்துக்குக் கொடுக்கவே கொடுக்காது. லினக்ஸ் டெர்மினலில் கண்ட்ரோல் டபிள்யூ ஒரு வார்த்தையை அழிக்கும். அந்தப் பழக்கத்தில் பிரவுசருக்குள்ளே இருக்கிற எடிட்டரில் தட்டினா டேபே காலி. கண்ட்ரோல் ஷிஃப்ட் டி தட்டினா மூடின டேப் திரும்ப வரும். உள்ளே எழுதின கோடு வருமா என்பது அந்தத் தளம் அப்பப்போ சேவ் பண்ணியிருந்ததைப் பொறுத்தது.

எஸ்கேப் இன்னொரு பொறி. கோடு எழுதும்போது எடிட்டர் வார்த்தை பரிந்துரைக்கும், அதைத் தள்ள எஸ்கேப் தட்டுவோம். ஃபுல் ஸ்க்ரீனில் இருந்தா அந்த எஸ்கேப்பைப் பிரவுசர் எடுத்து ஃபுல் ஸ்க்ரீனை விட்டு வெளியே வந்துடும். உடனே எச்சரிக்கை. டெஸ்டில் எஸ்கேப் பக்கம் போகாம அடுத்த எழுத்தைத் தொடர்ந்து அடிச்சுடுங்க.

அப்புறம் ஷிஃப்ட். யோசிக்கும்போது விரல் சும்மா இருக்காது, ஷிஃப்டைத் தட்டிக்கிட்டே இருக்கும். அஞ்சு தடவை தொடர்ந்து தட்டினா விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் வேணுமா என்று ஒரு பெட்டியைக் கொண்டுவரும், ஃபோகஸ் போயிடும். ஸ்டிக்கி கீஸ் நல்ல வசதிதான். ஒரே கையால் டைப் பண்றவங்க ரெண்டு மூணு கீயை ஒண்ணா அழுத்த முடியாது, அவங்க ஒவ்வொண்ணா அழுத்த அது உதவுது. உங்களுக்குத் தேவை இல்லைன்னா டெஸ்டுக்கு முந்தின நாளே செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அந்தக் குறுக்குவழியை மட்டும் அணைச்சு வச்சிடுங்க.

எல்லாருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது கண்ட்ரோல் ஆல்ட் டெலீட். ஐபிஎம் பிசி தயாரான காலத்தில், 1981க்கு முன்னாடி, டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் மெஷினை ரீஸ்டார்ட் பண்ண வச்சது. இன்னிக்கு விண்டோஸில் எந்தச் சாதாரண புரோகிராமும் இதைப் பிடிச்சுவைக்க முடியாது. அதனாலதான் எல்லாம் உறைஞ்சு நிக்கும்போதும் இதை முயற்சி பண்ணச் சொல்றாங்க. டாஸ்க் மேனேஜர் மட்டும் போதும்னா கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப்.

எஸ்டேட் பக்கம்

இன்டர்ன்ஷிப்புக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளே போற மெக்கானிக்கல் ஆளுங்களுக்கு மேலே சொன்ன எதுவும் பெருசா வேலைக்கு ஆகாது. 1960களில் உருவான அந்தப் பேட்டையில் சின்னச் சின்ன மெஷின் ஷாப் ஏராளம். டிராயிங் டேபிளில் ஆட்டோகேட், அக்கவுண்ட்ஸ் டேபிளில் டேலி.

ஆட்டோகேடில் ஷார்ட்கட் என்பதே கட்டளையை டைப் பண்றதுதான். கோட்டுக்கு எல், வட்டத்துக்கு சி, டிரிம்முக்கு டி ஆர், அடிச்சு ஸ்பேஸ் பார். இங்கே ஸ்பேஸும் என்டரும் ஒண்ணுதான், சும்மா ஸ்பேஸ் தட்டினா கடைசியா கொடுத்த கட்டளை மறுபடி வரும். அனுபவமுள்ள டிராஃப்ட்ஸ்மேன் இடது கட்டைவிரலை ஸ்பேஸ் பாரிலிருந்து எடுக்கவே மாட்டார். நம்ம ஆளுங்க ஐகானைத் தேடி மவுஸை மேலயும் கீழயும் ஓட்டுறதைப் பார்த்தா அவருக்குப் பொறுமை போயிடும். கோடு சாய மாட்டேங்குது, நேராவும் குறுக்காவும் மட்டும்தான் வருதுன்னா எஃப் 8இல் கை பட்டிருக்கு, மறுபடி தட்டுங்க. கீழே கட்டளை வரி காணாமப் போச்சுன்னா கண்ட்ரோல் 9, டூல்பார் எல்லாம் மறைஞ்சா கண்ட்ரோல் 0. சாஃப்ட்வேரைத் திரும்ப இன்ஸ்டால் பண்ண வேண்டாம். டாஸ் காலத்து ஆட்டோகேடில் கண்ட்ரோல் சி என்றால் கேன்சல். அந்தக் காலத்து ஆளுங்க யாராவது இன்னும் இருந்தா கேட்டுப் பாருங்க.

டேலி 1986இல் பெங்களூரில் ஆரம்பிச்ச நிறுவனத்துடையது. மவுஸ் இல்லாத நாளில் பழகின வழி இன்னும் அதில் மாறலை. எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரசீது, எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல், கண்ட்ரோல் ஏ தட்டினா வவுச்சர் பதிவாகிடும். வேர்டில் கண்ட்ரோல் ஏ முழுசையும் செலக்ட் பண்ணும், இங்கே கணக்கில் ஏத்திடும். பிரவுசரில் எஃப் 5 ரீலோடு, இங்கே பணம் கொடுத்த கணக்கு. இன்னொருத்தர் சீட்டில் உட்கார்ந்து பழக்கத்தில் தட்டக் கூடாத இடம் இது.

லேப் சிஸ்டத்தில்

பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்குது என்றால் கீபோர்டு ரிப்பேர்னு முடிவு பண்ணாதீங்க. முன்னாடி உட்கார்ந்தவர் விண்டோஸ் ஸ்பேஸ் தட்டி மொழியை மாத்தியிருக்கலாம். பிரிட்டிஷ் ஆங்கில அமைப்பில் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறி இருக்கும். அட் குறி உள்ள பாஸ்வேர்டு எல்லாம் அங்கே தோத்துடும். மறுபடி விண்டோஸ் ஸ்பேஸ்.

இந்த இதழுக்கு எழுதுறவங்களுக்கும் அதே கீதான் வாசல். 2019 மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10இலேயே தமிழ் 99 கீபோர்டு இருக்கு, தனியா எதுவும் இறக்க வேண்டாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த அமைப்பு அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. எச் இடத்தில் க, கே இடத்தில் ம. அந்த ம-வை ரெண்டு தடவை தட்டினா முதல் ம-வுக்குப் புள்ளி தானா விழுந்து ம்ம ஆகும். அம்மா என்று எழுத நாலே தட்டு: ஏ, கே, கே, க்யூ.

கடைசியா விண்டோஸ் வி. காப்பி பண்ணினது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும் என்ற பழைய கதை போய், 25 வரைக்கும் பட்டியலா வச்சிருக்கும். முதல் தடவை தட்டும்போது இயக்கட்டுமான்னு கேட்கும். உங்க சொந்த லேப்டாப்பில் தாராளமா இயக்குங்க. லேபில் எல்லாரும் ஒரே லாகினில் உட்காருற சிஸ்டத்தில் ஏற்கெனவே யாரோ இயக்கி வச்சிருப்பாங்க, நீங்க காப்பி பண்ணின பாஸ்வேர்டும் ஓடிபியும் அடுத்த பேட்ச் ஆள் விண்டோஸ் வி தட்டினா வரிசையா தெரியும். எழுந்திரிக்கும் முன்னாடி அந்தப் பட்டியலைத் திறந்து "க்ளியர் ஆல்" கொடுத்துட்டுப் போங்க. பின் பண்ணி வச்சது மட்டும் அதில் போகாது, அதைத் தனியா அழிக்கணும்.