வகுப்பறைக் காற்று

தெற்கிலிருந்து வருவது தென்றல்; வடக்கிலிருந்து வருவது வாடை; கிழக்கிலிருந்து வருவது கொண்டல்; மேற்கிலிருந்து வருவது கோடை. இவ்வாறு திசைக்கு ஒரு பெயரிட்டுக் காற்றை அறிந்தவர் தமிழர். ஆயின், மாணவர் பள்ளி நேரத்தில் உயிர்க்கும் காற்றில் பெரும்பகுதி இந்நான்கனுள் ஒன்றும் அன்று. அது நான்கு சுவர்களுக்குள் தங்கி நிற்கும் காற்று. நாற்பதின்மர் அமர்ந்திருக்கும் அறையில் ஒருவர் விட்ட மூச்சின் சிறு கூறு மற்றவர் உள்ளிழுக்கும் மூச்சில் கலந்தே தீரும். உணவைத் தனித்தனிக் கலத்தில் உண்ணலாம். நீரைத் தனித்தனிக் குவளையில் பருகலாம். காற்றை அவ்வாறு பகுத்துக்கொள்ளல் இயலாது. ஆகவே, வகுப்பறைக் காற்று அனைவர்க்கும் பொதுவான பொருளாகும். பொதுப்பொருளைக் காப்பதும் பொதுக் கடமையே அன்றோ?

இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமன்றிப் பேசும்போதும், பாடும்போதும், உரக்கப் படிக்கும்போதும் வாயினின்றும் மூக்கினின்றும் நுண்ணிய நீர்த்திவலைகள் வெளிப்படுகின்றன. நோயுற்றவரின் திவலைகளில் நோய் விளைக்கும் வைரஸ்களும் உடன் வருதல் உண்டு. இத்திவலைகளின் போக்கை ஆராய்ந்து 1934ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியவர் அமெரிக்க அறிஞர் வில்லியம் வெல்ஸ் ஆவார். பெரிய திவலை, எறிந்த கல்லைப்போல் விரைந்து தரையில் வீழ்கின்றது. மிகச் சிறிய திவலையோ, தரையை அடையுமுன்னரே நீர் வற்றி, உலர்ந்த துகளாகிக் காற்றில் மிதக்கின்றது. ஓர் மூலையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம் சிறிது நேரத்தில் அறை முழுதும் பரவுகின்றது. அம்மணம் சென்ற வழியே இத்துகளும் செல்லும் என்று கொண்டால் உண்மை எளிதில் விளங்கும்.

தட்டம்மை, சின்னம்மை, இன்புளுயன்சா, கோவிட் 19 ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ்கள் இவ்வாறு காற்றின் வழியாகப் பரவ வல்லவை. இவற்றுள் தட்டம்மை மிகக் கடிது. நோயாளி அறையை விட்டு நீங்கிய பின்னரும் அதன் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கி நோய் தரக்கூடும். 1974ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குத் தட்டம்மை கண்டது. அவளிடமிருந்து 28 பிள்ளைகளுக்கு நோய் தொற்றியது. அவர்கள் 14 வெவ்வேறு வகுப்பறைகளில் பயின்றவர்கள். அப்பள்ளியின் காற்றோட்ட அமைப்பு, அறைகளின் பழங்காற்றில் ஒரு பகுதியை வெளியேற்றாமல் மீண்டும் எல்லா அறைகளுக்கும் செலுத்திக்கொண்டிருந்தது. காற்றைத் தூய்மைப்படுத்தாது சுழற்றுதல் நோயைப் பங்கிட்டு வழங்குவதாகவே முடிந்தது.

இனி, காற்றைத் தூய்மை செய்து நோயைத் தடுத்தல் கூடுமா என்னும் வினா எழும். அதற்கும் வெல்ஸே விடை தேடினார். புற ஊதாக் கதிர்கள் நுண்ணுயிர்களின் ஆற்றலை அழிக்க வல்லவை. அவரும் அவர்தம் துணைவியாராகிய மில்ட்ரெட் வெல்ஸும் 1937ஆம் ஆண்டு முதல் பிலடெல்பியா நகரின் ஜெர்மன்டவுன் பகுதியில் உள்ள பள்ளியின் சில வகுப்பறைகளில் புற ஊதா விளக்குகளை அமைத்தனர். கதிர்கள் பிள்ளைகளின் கண்ணிலும் தோலிலும் படாமல், அறையின் மேற்பகுதியில் மட்டும் பாயுமாறு அவை பொருத்தப்பட்டன. மேலெழுந்த காற்றுக் கதிரிற் பட்டுத் தூய்மையாகிக் கீழிறங்கியது. 1941ஆம் ஆண்டில் அந்நகரில் தட்டம்மை கடுமையாகப் பரவியது. விளக்கு இல்லாத வகுப்புகளில், அதுவரை அந்நோய் காணாத பிள்ளைகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். விளக்கு உள்ள வகுப்புகளில் நோயுற்றோர் ஏறத்தாழ ஏழில் ஒருவரே ஆவர்.

இவ்வெற்றியைக் கேட்டோர், விளக்கு ஒன்றே போதும் என்று மகிழ்ந்தனர். நியூயார்க் மாநிலத்தின் நாட்டுப்புறப் பள்ளிகளிலும் அவ்விளக்குகள் அமைக்கப்பட்டன. ஆனால், அங்கு எதிர்பார்த்த அளவு பயன் விளையவில்லை. காரணம் யாது? அப்பிள்ளைகள் பல ஊர்களிலிருந்து ஒரே பேருந்தில் நெருங்கி அமர்ந்து பள்ளிக்கு வந்தனர். வகுப்பறையில் தடுக்கப்பட்ட நோய் பேருந்தில் பரவியது. இங்கிலாந்தில் சவுத்தால் என்னும் ஊரில் நிகழ்ந்த ஆய்வின் அறிக்கை 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கும் விளக்குகளால் பெரும்பயன் விளையவில்லை. பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் பல இடங்களில் கலந்து பழகியதே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. இவற்றால் பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. பள்ளி தன் கதவுக்குள்ளே மட்டும் நோயைத் தடுத்துவிடல் இயலாது. பள்ளியும் வீடும் ஊரும் ஒருங்கே முயலுதல் வேண்டும்.

இவ்வுண்மையை உலகம் பேரிழப்பின் வாயிலாக மீண்டும் அறிந்தது. 2020ஆம் ஆண்டில் கோவிட் 19 பரவியபோது உலகெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் மூடப்பட்ட பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் குழந்தைகள் ஆசிரியர் முகம் காணாது வீட்டில் இருந்தனர். கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளை ஒருவாறு பயின்றது. அஃது இல்லாத வீட்டுப் பிள்ளை கற்றதையும் மறந்தது. அவ்விடைவெளியைக் குறைத்தற்கே ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நோயைத் தடுக்கும் வழிகளை அறிந்து முன்னரே செயற்படுத்துதல், பள்ளிக் கதவு மூடப்படாமல் காக்கும் வழியுமாம்.

அவ்வழிகளுள் முதன்மையானது காற்றோட்டம். எதிரெதிரே உள்ள சாளரங்களையும் கதவையும் திறந்துவைத்தால் புதுக்காற்று ஒரு புறம் புகுந்து பழங்காற்று மறுபுறம் வெளியேறும். ஒரு புறத்தில் மட்டும் திறப்பு இருப்பின் காற்று அத்துணை எளிதாக மாறாது. மேற்கூரையில் சுழலும் மின்விசிறி உள்ளிருக்கும் காற்றைக் கலக்குமேயன்றிப் புதுக்காற்றைக் கொணராது. ஆதலால், விசிறி ஓடுகின்றது என்று சாளரத்தை அடைத்துவிடுதல் தவறாகும். குளிர் மிகுந்த ஜெர்மனி நாட்டிலும் 2020ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், இருபது நிமிடத்திற்கு ஒருமுறை சாளரங்களை முழுதும் திறந்து சில நிமிடம் காற்றை மாற்றுமாறு பள்ளிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. குளிருக்கு அஞ்சாது அவர்கள் செய்ததை வெயில் நாட்டில் செய்தல் அரிதன்று.

காற்றோட்டம் போதுமா என்பதை அளந்தறியவும் வழி உண்டு. வெளிக்காற்றில் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 420 பங்கு கரியமிலவாயு உள்ளது. மனிதன் வெளிவிடும் மூச்சிலோ அஃது ஏறத்தாழ 40,000 பங்கு. எனவே, வகுப்பறையில் அவ்வாயுவின் அளவு ஏற ஏற, மாணவர் பிறர் விட்ட மூச்சையே மிகுதியாக உள்ளிழுக்கின்றனர் என்பது தெளிவு. அளவு ஆயிரத்தைக் கடப்பின் காற்றோட்டம் போதாது எனக் கொள்வர். இதனைக் காட்டும் சிறு கருவியைக் கொண்டு மாணவரே தம் வகுப்பறையை அளந்து பார்த்தல் கூடும். அது நல்லதோர் அறிவியற் பாடமும் ஆகும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் 169 தொடக்கப் பள்ளிகள் ஆராயப்பட்டன. சாளரம் திறத்தல் முதலியவற்றால் காற்றோட்டத்தைப் பெருக்கிய பள்ளிகளில், அவ்வாறு செய்யாத பள்ளிகளைவிடக் கோவிட் நோய் நூற்றுக்கு 35 பங்கு குறைவாக இருந்தது. காற்றோட்டத்தோடு வடிகட்டியும் வைத்த பள்ளிகளில் அது நூற்றுக்கு 48 பங்கு குறைந்திருந்தது. வடிகட்டிக்குப் பெரும்பொருள் வேண்டும் என்பதும் இல்லை. அந்நாட்டின் ரிச்சர்டு கோர்சி, ஜிம் ரோசன்தால் ஆகிய இருவர், 2020ஆம் ஆண்டில் காற்று வடிகட்டிகளைப் பெட்டிபோல் ஒட்டி அதன்மேல் சாதாரண மின்விசிறி ஒன்றைப் பொருத்தும் எளிய முறையை வகுத்தனர். பின்னர்ப் பள்ளிப் பிள்ளைகளே பலவிடங்களில் அவற்றைச் செய்து வகுப்பறைகளில் வைத்தனர்.

ஆயினும், ஒரு வழியை நம்பி மற்றவற்றைக் கைவிடல் ஆகாது. 2021ஆம் ஆண்டு மே திங்களில் கலிபோர்னியா மாநிலத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஒருவர் நோய்க்குறி தோன்றிய பின்னரும் இரண்டு நாள் பணிக்கு வந்தார். பாடத்தை உரக்கப் படிக்கும்போது முகக்கவசத்தையும் நீக்கினார். அவ்வகுப்பின் 24 மாணவருள் 12 பேருக்குக் கோவிட் நோய் கண்டது. முதல் இரு வரிசைகளில் அமர்ந்த பதின்மரில் எண்மர் நோயுற்றனர். சாளரங்கள் திறந்திருந்தன, வடிகட்டியும் இருந்தது, மாணவரும் முகக்கவசம் அணிந்திருந்தனர். எனினும், நோயுற்றவர் வீட்டில் இருத்தல் என்னும் கரை உடைந்தமையால் மற்றக் கரைகளைத் தாண்டி வெள்ளம் புகுந்தது. ஏரிக்கரையில் ஓரிடத்து உடைப்பு ஊரையே அழிக்கவில்லையா?

காய்ச்சலும் இருமலும் உடைய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதிருத்தல் பெற்றோர் கடமை. ஆனால், அக்கடமையை நிறைவேற்ற ஊரும் துணைநிற்றல் வேண்டும். கூலிக்குச் செல்லும் தாய், பிள்ளை நோயுற்ற நாளில் வேலையை விட்டால் அன்றைய கூலியை இழப்பாள். அவளுக்கு விடுப்பளிப்பதும், அண்டை வீட்டார் அப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் நோய்த்தடுப்பின் பகுதிகளே. ஒரு நாளும் தவறாது வந்தவர்க்கு மட்டும் பரிசளிக்கும் வழக்கமும் எண்ணிப் பார்த்தற்குரியது. பரிசை இழக்க அஞ்சிக் காய்ச்சலோடு வரும் மாணவன் தன் நோயையும் வகுப்புக்குக் கொணர்கின்றான். நோயால் வாராதவன் இழந்த பாடத்தை ஆசிரியரும் தோழரும் பின்னர்ச் சொல்லித் தருவாராயின் அவ்வச்சம் நீங்கும்.

இருமல் உடையார் வெளியே செல்ல நேரின் முகக்கவசம் அணிதல் பிறர்க்குச் செய்யும் நன்மையாகும். பேருந்திலும், மாலை நேரத் தனிப்பயிற்சிக் கூடங்களிலும், திருமண மண்டபங்களிலும் காற்று உலவ வழிசெய்தல் பள்ளியில் சாளரம் திறப்பதற்கு ஒப்பாகும். புதிய பள்ளிக் கட்டடம் எழுப்பும் ஊராட்சிகள் சாளரங்களை எதிரெதிரே அமைப்பதும், பழைய சாளரங்களின் முன் அடுக்கிய பொருள்களை அகற்றுவதும் செலவு குறைந்த பணிகளே.

இவை அனைத்திற்கும் அரணாக விளங்குவது தடுப்பூசி. நம் நாட்டில் தட்டம்மைக்குரிய முதல் ஊசி 9 முதல் 12 திங்களுக்குள்ளும், இரண்டாவது 16 முதல் 24 திங்களுக்குள்ளும் குழந்தைக்கு இடப்படுகின்றது. 2017ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான ஊசி, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகளின் வாயிலாகவும் இடப்பட்டது. தட்டம்மை ஓர் ஊரில் பரவாதிருக்க நூற்றுக்கு 95 பேர் அளவிற்கேனும் காப்புப் பெற்றிருத்தல் வேண்டும். ஊசி பெறும் வயதை எய்தாத கைக்குழந்தையும், வேறு நோயால் ஊசி பெற இயலாதவரும் மற்றவர் காப்பின் நிழலிலேயே வாழ்கின்றனர்.

நலம் மிக்க மாணவன், சளி தனக்குச் சிறு துன்பமே என்று எண்ணலாம். அவன் அருகில் அமர்ந்தவன் ஆஸ்துமா நோயினனாக இருத்தல் கூடும். அவன் வீட்டில் முதிர்ந்த பாட்டி இருத்தல் கூடும். ஒருவனுக்கு மூன்று நாள் இருமல், மற்றொருவனுக்கு மருத்துவமனை, வேறொருவனுக்கு ஆற்றொணாப் பிரிவு. காலையில் முதலில் வரும் மாணவன் வகுப்பறைச் சாளரங்களைத் திறந்துவிடுதல் சிறு செயலே. எனினும், பெயர் தெரியாத ஒரு வீட்டின் முதியவருக்கும் அச்செயலின் பயன் சென்று சேரும்.