மெல்ல ஏறும் கண்ணாடி

பௌர்ணமி இரவு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நடக்க, ஊருக்கு வெளியே கார்கள் வரிசையாக நிற்கின்றன. வண்டியைப் பூட்டப்போன பழைய கார்க்காரர் ஒருவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றும் சுவிட்சை அழுத்தியபடியே காத்திருக்கிறார். கண்ணாடி பாதியில் திணறுகிறது. திருவண்ணாமலை வெயிலிலும் புழுதியிலும் ஓடும் வண்டிகளுக்கு இது வழக்கமான நோய்.

உடனே மோட்டாரை மாற்ற வேண்டாம்.

முதலில், கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். வெயிலில் காய்ந்து, மண் அப்பிய ரப்பர் கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. மோட்டார் இழுக்க முடியாமல் தவிக்கிறது. ஈரத்துணியால் பள்ளத்தைத் துடைத்து, காய்ந்தபின் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால், பல வண்டிகளில் வேகம் அப்போதே திரும்பிவிடும். எண்ணெய் ஊற்றுவது தவறு: புழுதி ஒட்டும், ரப்பர் ஊதிப்போகும்.

அப்படியும் சரியாகவில்லையா? என்ஜின் ஓடும்போது மட்டும் கண்ணாடி வேகமாக ஏறினால், பேட்டரியில் சந்தேகம். பழைய வண்டிகள் பலவற்றில் மோட்டாருக்கான முழு மின்சாரமும் சுவிட்ச் வழியே போகிறது. அதன் முனைகள் கருகினால் 12 வோல்ட் முழுதாகப் போய்ச் சேராது. கதவின் உள்பலகையைக் கழற்றி, கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரில் இறுகிய கிரீஸை மாற்றுவது அடுத்த வேலை. இவ்வளவும் பார்த்த பிறகே புது மோட்டாருக்குப் பணம் கொடுங்கள்.